மடக்கு விசிறி ஏன் மடங்க மறுக்கிறது?

மடக்கு விசிறி செய்வதற்கு எந்தத் தாள் நல்லது, எந்தப் பசை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் படித்த பிறகு, தாளும் பசையும் உங்கள் சிக்கலின் ஓரத்தில்தான் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக, விசிறிக்குப் பதினைந்து ஐஸ் குச்சிகள் வீதம் எடுத்து, சார்ட் தாளை ஒட்டி, இருவருமாக இரண்டு விசிறிகள் செய்திருக்கிறீர்கள். முதல் விசிறி அழகாக விரிந்தது, மடங்கவில்லை. இரண்டாவதைக் கட்டாயப்படுத்தி மடக்கியபோது இரு ஓரங்களிலும் மடிப்பு வெடித்துத் தாள் கிழிந்தது. நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, விரிகிற விசிறி ஏன் மடங்க மாட்டேன் என்கிறது என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன். தாளும் பசையும் அந்தப் பதிலுக்குள் தாமாகவே வந்து சேரும்.

என் தந்தை புத்தகம் பைண்டு செய்யும் கடை வைத்திருந்தார். தாளை மடிப்பதும் ஒட்டுவதும் எனக்கு அங்கே பழகியவை. பின்னர் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கைத்தொழில் ஆசிரியராக இருந்தபோது, ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களோடு விசிறி செய்திருக்கிறேன். கோணம், அகலம், தடிமன் பற்றிக் கீழே நான் சொல்பவை கணக்கு. அவற்றை நீங்களே அளவுகோலை வைத்துச் சரிபார்க்கலாம். தாளின் வகை, பசையின் பதம், காயவைக்கும் நேரம் ஆகியவை கைப்பழக்கத்தில் வந்தவை. உங்கள் ஊர்க் காற்றுக்கும் உங்கள் கடையில் கிடைக்கும் தாளுக்கும் ஏற்ப அவை சற்று மாறலாம். பட்டிலும் லேஸ் துணியிலும் நான் விசிறி செய்ததில்லை என்பதால் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை.

விசிறி என்றதும் நம் கண்ணில் தோன்றுவது விரிந்த விசிறி. அதனால் எல்லோரும் அரைவட்டத்தை வெட்டி, அதில் படம் வரைந்து, பின்னால் குச்சிகளைச் சம இடைவெளியில் ஒட்டிவிட்டுக் கடைசியில் மடக்கிப் பார்க்கிறோம். நானும் ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில் இதையேதான் செய்தேன். நாற்பது பிள்ளைகள் மூன்று நாள் வண்ணம் தீட்டினார்கள். நான்காம் நாள் மடக்கியபோது ஒன்றுகூட மடங்கவில்லை. கடைசியில் நாற்பதையும் விரித்தபடியே சுவரில் ஆணியடித்து மாட்டினோம்; பெற்றோர் அதையும் பாராட்டிவிட்டுப் போனார்கள் என்பது வேறு. மடக்கு விசிறியை மடங்கிய நிலையில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். மடங்கியபோது ஒவ்வொரு குச்சிக்கும் ஒவ்வொரு மடிப்புக்கும் எங்கே இடம் என்று முதலில் தீர்மானித்துவிட்டால், விரிந்த நிலை தானாக அமைந்துவிடும்.

உங்கள் விசிறியையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சாதாரண ஐஸ் குச்சி ஏறத்தாழ 11.4 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உடையது. பதினைந்து குச்சிகளுக்கு இடையில் பதினான்கு இடைவெளிகள் உண்டு. ஒவ்வோர் இடைவெளியிலும் தாள் ஒரு முறை உள்ளே போய் வெளியே வர வேண்டும் என்பதால், தாளில் மொத்தம் 28 பட்டைகள் (இரு மடிப்புகளுக்கு இடைப்பட்ட துண்டுகள்) விழ வேண்டும். விசிறி 140 பாகை விரிவதாகக் கொண்டால் ஒரு பட்டைக்கு 5 பாகை. அச்சிலிருந்து, அதாவது குச்சிகளை அடியில் ஒன்றாகக் கோக்கும் புள்ளியிலிருந்து, 10 செ.மீ. தள்ளி ஒரு பாகைக்குக் கிடைக்கும் அகலம் 1.75 மி.மீ. மட்டுமே, இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் எந்த விசிறிக்கும் கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் தாள் அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே 5 பாகைப் பட்டையின் அகலம் நாலரை மி.மீ.கூட இல்லை. அதன் மேல் 10 மி.மீ. அகலமுள்ள குச்சியை ஒட்டினால் அது பக்கத்துப் பட்டைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மடிப்பு விழ வேண்டிய இடமே மரத்தோடு ஒட்டிப்போகிறது. குச்சியின் நுனிக்குப் போனால்கூட அந்தப் பட்டைக்கு ஒரு முழு செ.மீ. அகலம் கிடைக்காது. போதாக்குறைக்கு, பதினைந்து குச்சிகளை அடுக்கினால் 3 செ.மீ. உயரம் வருகிறது, சார்ட் தாளின் இருபத்தெட்டுப் படலங்கள் அதற்கு மேல். உலகத்தின் மிகச் சிறந்த பசையைப் போட்டிருந்தாலும் அந்த விசிறி மடங்கியிருக்காது.

இதிலிருந்து மீள இரண்டு வழிகள் உள்ளன: குச்சிகளைக் குறைப்பது, அல்லது குச்சிகளை மெலிய வைப்பது. ஐஸ் குச்சியையே வைத்துக்கொள்வதானால் எட்டுக் குச்சிகள் போதும். இடைவெளிகள் ஏழு, பட்டைகள் பதினான்கு, 140 பாகைக்குப் பட்டை ஒன்றுக்கு 10 பாகை. தாளை அச்சிலிருந்து 6.5 செ.மீ. தள்ளித் தொடங்கினால் உள் ஓரத்தில் பட்டை 11 மி.மீ. அகலம் இருக்கும், 10 மி.மீ. குச்சி அதற்குள் அடங்கிவிடும். தாளின் வெளி ஓரத்தை 12 செ.மீ. ஆரத்தில் வைத்தால் அங்கே பட்டை 21 மி.மீ. வரும். குச்சியின் முனையில் 7 மி.மீ. விட்டுத் துளையிட்டால் நுனி 10.7 செ.மீ. வரை எட்டும், அதற்கு மேல் தாள் 1.3 செ.மீ. நீண்டிருக்கும். அதைவிட அதிகமாக நீட்டினால் வீசும்போது ஓரம் தளர்ந்து மடங்கும். இந்த அளவுள்ள தாள் ஓர் ஏ4 தாளுக்குள் அடங்கும். காற்று கொஞ்சம்தான் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது கைக்கு அடக்கமான, காட்சிக்கு உரிய விசிறி.

நன்றாக வீசக்கூடிய பெரிய விசிறி வேண்டுமென்றால் மூங்கிலுக்குத்தான் போக வேண்டும். கூடை முடைபவர்களிடம் மெல்லிய மூங்கில் பிளாச்சு கேட்டால் கிடைக்கும். வீட்டில் பழைய மூங்கில் திரை கிழிந்து கிடந்தால் அதுவும் ஆகும். 6 மி.மீ. அகலமும் 1 மி.மீ.க்குக் குறைந்த தடிமனும் 22 செ.மீ. நீளமும் உள்ள பதினைந்து பிளாச்சுகளை எடுத்து, விளிம்புகளை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். மூங்கில் சிராய் விரலில் ஏறினால் எடுப்பது எளிதல்ல. தாளை 9 செ.மீ. ஆரத்தில் தொடங்கி 21 செ.மீ.யில் முடித்தால் 5 பாகைப் பட்டை உள்ளே 8 மி.மீ., வெளியே 18 மி.மீ. வரும். எல்லாக் குச்சிகளும் சேர்ந்து 15 மி.மீ.க்கும் குறைந்த உயரத்தில் அடங்கும். உங்கள் பதினைந்து குச்சி ஆசைக்கு இதுவே சரியான பொருள். தென்னை ஈர்க்கைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது உருண்டையாக இருப்பதால் அடுக்கினால் உருளும், துளையிட்டால் பிளக்கும். நான் முயன்று கைவிட்டேன்.

இந்த வகை விசிறியின் பிறப்பிடமான ஜப்பானில் இந்தக் கணக்கை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. அங்கே முதலில் வந்தது தாளே இல்லாத விசிறி: ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் மெல்லிய சீவல்களை அடியில் ஒன்றாகக் கோத்து, மேலே நூலால் இணைத்தது. கியோட்டோவின் தோஜி கோயிலில் கன்னோன் என்னும் பௌத்தக் கருணைத் தெய்வத்தின் ஆயிரங்கைச் சிலையின் கைக்குள்ளிருந்து கிடைத்த அத்தகைய விசிறி ஒன்றில் 877ஆம் ஆண்டின் குறிப்பு இருக்கிறது. தாள் ஒட்டிய விசிறி அதற்குப் பின்னர் வந்தது. அதற்குக் ‘கவஹொரி’ என்று பெயர், வௌவால் என்று பொருள். பெயர் உறுதியானது, வௌவாலின் சிறகைப் பார்த்து ஒருவர் அதை உருவாக்கினார் என்பதைக் கதையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கியோட்டோவின் கைவினைஞர்கள் தாளைப் பல படலங்களாக ஒட்டி, நடுப் படலத்தைப் பிரித்து, அந்த இடுக்குக்குள் குச்சியைச் செருகுகிறார்கள். அப்படிச் செருகப்படும் மேல்பாதியை ஊசிபோல மெலியச் சீவியிருப்பார்கள். இரு வெளிக்குச்சிகள் மட்டும் அகலமாக நிற்கும். மடிப்பின் மேல் குச்சி ஏறாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. நீங்களும் உள்ளே வரும் ஆறு ஐஸ் குச்சிகளின் மேல்பாதியைப் பக்கவாட்டில் உப்புத்தாளால் தேய்த்து 7 மி.மீ. அகலத்துக்குக் கொண்டுவந்தால் மடிப்பு இன்னும் தாராளமாக விழும். நம் பனையோலை குருத்திலேயே மடிப்போடுதான் பிறக்கிறது. நாமோ அதை விரித்து, ஓரம் கட்டி, மடங்காத விசிறியாக்கிவிட்டோம்.

இனித் தாள். இரு ஓரங்களில் மட்டும் கிழிந்தது, நடுவில் கிழியவில்லை என்று நீங்கள் எழுதிய அந்தச் சிறு விவரம், காரணத்தைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. இயந்திரத்தில் செய்த தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்த இழையோட்டத்தை ஒட்டி மடித்தால் மடிப்பு கூர்மையாக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் ஒடிந்து வெடிக்கும். தாள் தடிமனாக இருந்தால் வெடிப்பும் அதிகம். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழிவதும் பக்கவாட்டில் கிழித்தால் கோணிக்கொள்வதும் இதனால்தான். விசிறியின் மடிப்புகள் ஒரே திசையில் இருப்பதில்லை. அச்சிலிருந்து கதிர்போலப் பிரிகின்றன. நடு மடிப்பு இழையோடு போனால், 140 பாகை விசிறியின் இரு ஓர மடிப்புகளும் இழைக்கு 70 பாகை சாய்ந்து, ஏறக்குறையக் குறுக்காகவே விழும். உங்கள் சார்ட் தாள் அங்கேதான் வெடித்திருக்கிறது. இதற்குப் பழைய தீர்வு, தாளை இரண்டு துண்டாக வெட்டுவது: ஒவ்வொரு துண்டும் பாதி விசிறியாக, தன் நடுக்கோடு இழையோடு ஒட்டிப்போகும்படி வெட்டப்பட்டால் எந்த மடிப்பும் 35 பாகைக்கு மேல் சாயாது. குச்சி ஒட்டப்போகும் பட்டை ஒன்றில் இரு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டினால் இணைப்பு வெளியே தெரியாது. இழை எந்தத் திசை என்று அறிய, தாளின் மூலையில் ஒரு சிறு சதுரத்தை வெட்டி ஒரு பக்கத்தை நனைத்துப் பாருங்கள். அது குழல்போலச் சுருளும், குழல் நீண்டிருக்கும் திசையே இழையின் திசை.

எந்தத் தாள் என்ற கேள்விக்கு என் விடை, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாள். அதன் நார்கள் வலுவானவை, பல முறை மடித்தாலும் தாங்கும், எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் இருக்கும். மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ளதை மட்டும் வாங்காதீர்கள், பசை ஒட்டாது. வெள்ளையாகத்தான் வேண்டும் என்றால் 80 அல்லது 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) தாள் போதும். பழைய மல்மல் துணியைக் கெட்டியான அரிசிக் கஞ்சியில் தோய்த்து, பலகையில் விரித்துக் காயவைத்து, தாளைப் போலவே மடிக்கலாம். அது கிழியாது, ஆனால் மழைக்கால ஈரத்தில் கஞ்சி இளகி மடிப்பு தளரும். மீந்திருக்கும் சார்ட் தாளை வீணாக்க வேண்டாம். அதிலிருந்து ஒரே அளவில் இரண்டு மடிப்பு வார்ப்புகள் செய்துகொண்டு, சற்றே ஈரமாக்கிய மெல்லிய தாளை இரண்டுக்கும் நடுவில் வைத்து மூன்றையும் சேர்த்து மடக்கினால், ஒரே அழுத்தத்தில் எல்லா மடிப்பும் ஒழுங்காக விழும். கியோட்டோவில் செய்வதும் இதைப் போன்றதுதான். ஒரே ஒரு விசிறிக்கு இது தேவையில்லை. பத்துப் பிள்ளைகள் செய்யும் வகுப்புக்கு இது பெரிய உதவி.

தாளை வரைவதற்குக் கவராயமும் கோணமானியும் போதும். ஒரு புள்ளியை அச்சாக வைத்து 6.5 செ.மீ., 12 செ.மீ. ஆரங்களில் இரண்டு விற்களை வரைந்து, 140 பாகைக்குள் 10 பாகைக்கு ஒரு கோடாகப் பதினைந்து கதிர்களை இழுங்கள். இரண்டு துண்டாக வெட்டுபவர்கள் ஒரு துண்டில் மட்டும் ஒரு பட்டை கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒவ்வொரு கோட்டையும் ஒரு முறை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் மடிப்பு வழி தவறாது. படம் உள்ள பக்கம் மேலே இருக்க, இடக்கோடியிலிருந்து முதல் கோடு பள்ளமாகவும் அடுத்தது மேடாகவும் மாறி மாறி வர வேண்டும். வண்ணம் தீட்டுவதை மடிப்பதற்கு முன்பே முடித்து, முழுதும் காயவிடுங்கள். நீர்வண்ணத்தைத் தாராளமாகப் பூசினால் தாள் நெளிந்து, கோடுகள் இடம் மாறிப்போகும். வண்ணப் பென்சில்தான் இதற்கு ஏற்றது.

குச்சிகளில் துளையிடுவதில் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். எட்டுக் குச்சிகளையும் அடுக்கி, இரு இடங்களில் கிளிப் போட்டு இறுக்கி, துளையிடும் இடத்தைச் சுற்றி டேப்பை ஒட்டிவிட்டு, அடியில் ஒரு மரத்துண்டை வைத்து, ஒரே தடவையில் துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளையிட்டால் ஒரு மி.மீ. வேறுபாடுகூட மேலே தாளைக் கோணலாக இழுக்கும். ஆணியை அடித்துத் துளைக்காதீர்கள். ஐஸ் குச்சி நீளவாக்கில் பிளந்துவிடும். டிரில் இருந்தால் 3 மி.மீ. போல்ட்டுக்கு அதைவிட மயிரிழை பெரிய துளை போடலாம். இல்லையென்றால் குத்தூசியால் தொடங்கி, உருட்டிய உப்புத்தாளால் சிறிது சிறிதாகப் பெரிதாக்கலாம். அச்சாக 20 மி.மீ. நீளமுள்ள 3 மி.மீ. போல்ட், இரு புறமும் வாஷர், ஒரு நட்டு போதும். வெளிக்குச்சி ஒன்றைப் பிடித்துத் தூக்கினால் மற்றவை தம் எடையில் சரிந்து விழாத அளவுக்கு நட்டை இறுக்கி, அதன் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டால் அது தளராது. மெல்லிய மூங்கில் விசிறிக்கு இந்த இரும்பு கனம். மை தீர்ந்த பேனா ரீஃபிலின் குழாயைக் கழுவி, துளைக்குள் விட்டு, இரு முனைகளையும் சூடான கரண்டியின் அடியால் அழுத்தித் தட்டையாக்கினால் இலேசான அச்சு கிடைக்கும். அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். ஜப்பானியர் இந்த அச்சைக் ‘கனமே’ என்பார்கள். ஒரு காரியத்தின் மையமான விஷயத்துக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான்.

அச்சைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. மடங்கிய விசிறியின் தலைப்பக்கத்தில், இரு குச்சிகளுக்கு நடுவே இரண்டு படலம் தாள் இருக்கிறது. அடியில் அச்சருகே ஒன்றுமில்லை. அதனால் தலை தடித்து, வெளிக்குச்சிகள் வாய் பிளந்தாற்போல விலகி நிற்கும். கியோட்டோவில் வெளிக்குச்சிகளைச் சூடுகாட்டி உள்நோக்கி வளைத்து இதைச் சரிசெய்கிறார்கள். மூங்கிலுக்கு அது பொருந்தும். ஐஸ் குச்சியில் அதைவிட எளிய வழி, விசிறிக்குப் பயன்படுத்திய அதே தாளில் ஒரு செ.மீ. அகல வட்டங்களை வெட்டி, குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே இரண்டிரண்டாக அச்சில் கோத்துவிடுவது. தலையில் எவ்வளவு தாள் உண்டோ அவ்வளவு அடியிலும் வந்துவிடுவதால் விசிறி தட்டையாக மூடும். ஆசிரியராகப் பல ஆண்டுகள் கழிந்த பிறகே எனக்கு இது தோன்றியது என்பதைச் சற்று வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஒட்டும் முறையில் பலரும் கவனிக்காத இடம் அடுக்கு வரிசை. குச்சிகளின் வரிசையும் பட்டைகளின் வரிசையும் ஒரே திசையில் ஏற வேண்டும். எதிரெதிராக அமைந்துவிட்டால் விரிக்கும்போது விசிறி முறுக்கிக்கொள்ளும், எவ்வளவு அழுத்தினாலும் படியாது. இதைத் தவிர்க்க விசிறியை மடக்கியபடியே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அச்சைத் தளர்வாகப் போட்டு, அடிக்குச்சியை மேசையில் வைத்து, அதன் மேல் பசை தடவி, முதல் பட்டையின் பின்புறத்தை அதன்மேல் படியவையுங்கள். இரண்டாம் பட்டையை அதன் மேல் மடியுங்கள். அடுத்த குச்சியைத் திருப்பிக் கொண்டுவந்து மேலே வைத்துப் பசை தடவி, மூன்றாம் பட்டையை அதன்மேல் அமர்த்துங்கள். இப்படியே ஒற்றைப்படைப் பட்டைகள் மட்டும் குச்சியில் ஒட்ட, இரட்டைப்படைப் பட்டைகள் வெறுமனே மடியும். கடைசியான பதினான்காம் பட்டை மட்டும் விதிவிலக்கு: அது பின்புறம் மேலே தெரியும்படி மடிந்திருக்கும், எட்டாம் குச்சியின் அடியில் பசை தடவி அதன் மேல் வைக்க வேண்டும். பட்டைகள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருப்பதால்தான் இரு வெளிக்குச்சிகளும் வெளிப்புறமாக வந்து விசிறிக்குக் காப்பாக அமைகின்றன.

பசைக்கு உங்களிடம் இருக்கும் ஃபெவிகாலே போதும். குறையே, அதைக் குச்சி முழுவதும் தடவுவதுதான். அதில் உள்ள நீர் மெல்லிய தாளை ஊறவைத்து நெளிக்கும். ஓரத்தில் பிதுங்குவது அடுத்த பட்டையையும் ஒட்டிவிடும். குச்சியின் நடுக்கோட்டில் தீக்குச்சி முனையால் ஒரே கோடாக இழுத்தால் போதும். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்போம். அது நஞ்சு, குழந்தைகளோடு செய்யும் வேலையில் கூடாது. ஒட்டி முடித்ததும் விசிறியை மூடிய நிலையிலேயே துணிப்பட்டையால் சுற்றி, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். ரப்பர் பேண்டு போட்டால் தாளின் ஓரத்தில் பள்ளம் விழும். மறுநாள் முதல் முறை விரிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு விரித்து மூடி, பிறகு பாதி, பிறகு முழுவதும் என்று விரியுங்கள்.

கண்காட்சிக்கு நாள் போதாது என்று தோன்றினால், குச்சியே இல்லாமல் கல்யாணப் பத்திரிகைகளில் ஒரு விசிறி செய்யலாம். நான் மேலே சொன்ன தோஜி விசிறியின் முறை இது. பத்திரிகை அட்டையின் தடிமன் அரை மி.மீ.க்குள் இருக்கும். 18 செ.மீ. நீளம், மேலே 3 செ.மீ., கீழே 1.5 செ.மீ. அகலமுள்ள இருபது துண்டுகளை வெட்டி, கீழ்முனையிலிருந்து 1 செ.மீ. விட்டுத் துளையிட்டு ஒன்றாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். மேல்முனையிலிருந்து 2 செ.மீ. கீழே, துண்டுக்குத் துண்டு ஒன்றேமுக்கால் செ.மீ. இடைவெளி இருக்கும்படி கனமான நூலால் ஒவ்வொன்றையும் முடிந்துவிட்டால், விரிக்கும்போது நூல் இறுகி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும். 130 பாகைக்கும் கூடுதலாக விரியும், மூடினால் விரல் அகலத்துக்குள் அடங்கும். பிள்ளையார் படமுள்ள பகுதியை வெட்ட மனம் வராதவர்கள் அதை வெளித்துண்டாக முழுதாக வைத்துக்கொள்வார்கள், அதுவும் அழகுதான்.

ஏ4 தாளைக் கொசுவம்போல மடித்து அடியில் கட்டும் சிறு பிள்ளைகளின் விசிறி ஏன் கால்வட்டத்தோடு நின்றுவிடுகிறது என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். 21 செ.மீ. உயரத்துக்கு 29.7 செ.மீ. நீளத் தாள் எவ்வளவு இழுத்தாலும் 81 பாகைக்கு மேல் விரியாது. இரண்டு தாள்களை ஒரு பட்டை ஏறும்படி ஒட்டிவிட்டு மடித்தால் 150 பாகையைத் தாண்டும்.

பழைய இரண்டு விசிறிகளையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் போட்டு வைத்தால் வெள்ளைப் பசை இளகி, குச்சிகள் தனியே வந்துவிடும். நிழலில் கனம் வைத்துக் காயவைத்தால் அவை வளையாது. துளை கோணலாக விழுந்திருந்தால் மறுமுனையில் புதிதாகத் துளையிட்டுக்கொள்ளலாம். முப்பது குச்சிகளில் மூன்று விசிறிகளுக்கு இருபத்து நான்கு போக, உடைவதற்கென்று ஆறு மீதம் இருக்கும்.